மேடில்லாத பட்டணம்

கரடிப்பள்ளம் எஸ்டேட்,
குன்னூர் வழி,
மார்கழி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ரேகாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசு மட்டும் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது, அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன். முதலில் முக்கியமான செய்தி. சென்ற வாரம் நம் வீட்டில் நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இரு தரப்பும் தத்தம் நிலைப்பாட்டைத் தெளிவாக எடுத்துரைத்து, பக்கத்து வீட்டாரின் கருத்தும் கேட்கப்பட்டு, ஒரு மேஜை மின்விசிறி வாங்குவது என்று தீர்மானம் நிறைவேறியது. இந்தத் தோட்டம் உண்டான நாளிலிருந்து நம் லைன் வீட்டு வரிசையில் எந்த வீட்டுக்கும் மின்விசிறி வந்ததாகத் தகவல் இல்லை. காலையில் புல்லின் மேல் உறைபனி உப்புத் தூவினாற்போல் கிடக்கிற மாதத்தில் அது வந்து சேர்ந்திருக்கிறது. குன்னூரில் கடை கடையாக ஏறி இறங்கினேன், எல்லாக் கடையிலும் ஹீட்டர்தான் வரிசையாக நின்றது, கடைசிக் கடைக்காரர் துணி காய வெக்கவுங்களா என்று கேட்டார், இல்லைங்க தூங்கறதுக்கு என்றேன், அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பரணிலிருந்து ஒன்றை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார். காரணம் உனக்குத் தெரிய வேண்டும். உன் வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்த நாள் முதல் உன் அம்மாவுக்கு விசிறிச் சத்தம் இல்லாமல் தூக்கம் வருவதில்லை. இப்போது ஸ்வெட்டர் போட்டு, காலுறை மாட்டி, இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஓடவிட்டுப் படுக்கிறாள், சுவருக்கு நல்ல காற்று. ஃபேக்டரி வாட்ச்மேன் அழகையா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க போஸ்ட்மாஸ்டரே, இந்தக் குளுருக்குக் காத்தாடியா, கரடி கேள்விப்பட்டா அதும் வந்து படுத்துக்குமுங்க" என்றான், அதற்கு அம்மா, "வந்தா வரட்டும், அதுக்கும் மெட்ராஸ் பழகட்டும்" என்றாள்.

இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். நம் வீட்டில் போன் இருக்கிற இடம் உனக்குத் தெரியும், தெற்கு ஜன்னல் கட்டையில் சீப்புக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவில், அங்கே மட்டும்தான் சிக்னல் வரும், அதனால் நம்மைப் பொறுத்தவரை போன் என்பது கையில் கொண்டு போகிற சாமான் அல்ல, ஜன்னலோடு சேர்ந்தது. அங்கே நின்று பேசினால் அம்மாவுக்குக் கேட்கும், அடுத்த வீட்டுக்குக் கேட்கும், கீழே தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்களுக்குக் கேட்டு அவர்கள் மேலே பார்த்து யோசனை சொல்வார்கள். இந்த விஷயம் அப்படி யோசனை கேட்கிற விஷயம் இல்லை. மேலும் இந்தக் கிளை அஞ்சலகத்தின் போஸ்ட்மாஸ்டர் என்ற முறையில் எனக்கு ஒரு கடமையும் இருக்கிறது, இந்த மாதம் இங்கிருந்து போகிற தபால்களில் வங்கியோ கோர்ட்டோ அரசாங்கமோ சம்பந்தப்படாதது இது ஒன்றுதான், இதை எழுதி நானே முத்திரை குத்தி நானே பையில் போடப் போகிறேன். விஷயம் நீ கேட்ட கேள்வி. எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்து வேலையிலிருந்து அம்மா ஓய்வு பெற்றுவிட்டதால் தை முடிவதற்குள் இந்த எஸ்டேட் வீட்டை ஒப்படைக்க வேண்டும், எனக்கு அஞ்சலகத்தில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருக்கிறது, அதை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ரெண்டு பேரும் ராயபுரத்துக்கே வந்துருங்கப்பா, எதுக்கு இவ்வளவு யோசனை, அம்மாகிட்ட நான் பேசட்டுமா என்று கேட்டாய். அம்மாதான் தயங்குகிறாள் என்று நீ முடிவே செய்துவிட்டாய் போலிருக்கிறது. போனில் அவளைக் கேட்டால் "அப்பா சொல்றதுதான் சாமி" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விடுகிறாள். ஆகவே பதில் சொல்ல வேண்டியவன் நான். சொல்வதற்கு முன்னால் அந்த ஊரைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதில் விளங்காது.

மூன்று வாரத்தில் ஒரு பட்டணத்துக்குத் தீர்ப்பு எழுதலாமா என்று நீ கேட்கலாம். மூன்று நாளில் ஊட்டியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நம்மைப் பற்றி எழுதுகிற தீர்ப்புகளை எத்தனையோ வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன். சென்னை கடலோரம் இருக்கிறது என்று பூகோளப் புத்தகம் சொன்னதை நம்பி, ரயிலை விட்டு இறங்கியதும் கடல் தெரியும் என்று நினைத்தேன். உன் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம் என்றார்கள், கூப்பிடுகிற அளவுக்குக் கிட்டேயும் போனேன், நடுவில் துறைமுகத்துச் சுவர், சுவரை ஒட்டி ஒன்றன் பின் ஒன்றாகக் கண்டெய்னர் லாரிகள், லாரி நிழலில் அடுப்பு வைத்துச் சமைக்கிற டிரைவர்கள், கடல் இருப்பதற்கு அத்தாட்சியாக வாசனை மட்டும் வந்தது. ஊர் முழுவதும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மவுண்ட் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், வயசான சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி, கொஞ்சம் தின்பண்டத்தோடு மெரினாவுக்குப் போய், ரொம்ப நெருங்காமல் தள்ளி நின்று, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர் உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரிந்ததும் திரும்பிவிடுகிறார்கள். காசிமேட்டில் மட்டும் கடலுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். அங்கே உன் அம்மா ஒரு மீன்காரம்மாவிடம் போய், இந்த மீனு எப்படிங்க, நல்லா இருக்குங்களா என்று கேட்க, அந்தம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாம்மா நீ, மீனுக்கெல்லாம் வாங்க போங்கன்ற, அது செத்துப் பூட்சும்மா" என்றாள், சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், உன் அம்மாவும் சிரித்தாள். மறுநாள் அவளே தனியாகப் போய் வந்தாள். நம் எஸ்டேட்டில் அவள் அப்படி வாயை மூடாமல் சிரித்து நான் பார்த்ததில்லை, இங்கே வாயைத் திறந்தால் பனி உள்ளே போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் விஷயத்தில் அந்த ஊருக்கு நடுநிலை என்பது கிடையாது. ஒன்று, குழாயைத் திறந்தால் பாம்பு சீறுகிற மாதிரி காற்று வரும், லாரி எப்போது வரும் என்று தெருவே குடத்தோடு நிற்கும், இல்லையென்றால் மழை வந்து தெருவே குடத்துக்குள் நிற்கும். மழை எச்சரிக்கை வந்ததும் ஜனங்கள் கார்களைக் கொண்டு போய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தியதை நீதான் எனக்குக் காட்டினாய், நம்மூரில் மாட்டைத்தான் அப்படி மேட்டில் கொண்டு போய்க் கட்டுவார்கள். வெயில் காலத்தில் எல்லாத் தெருவும் ஒரே மட்டம் என்று சாதிக்கிறவர்கள், மழை தொடங்கியதும் தங்கள் தெரு பக்கத்துத் தெருவைவிட எத்தனை விரற்கடை உயரம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். வழி சொல்கிற முறையும் தனி. இருப்பதை வைத்துச் சொல்வதில்லை, இருந்ததை வைத்துச் சொல்கிறார்கள். இடித்துத் தரைமட்டமாகிக் கல்யாண மண்டபம் ஆகி அதுவும் இடிபட்டுவிட்ட ஒரு சினிமா தியேட்டரைத் தாண்டி, வெட்டிப் பல வருஷமான ஒரு மரத்தடியில் இறங்கச் சொன்னார்கள், அந்த ஊர் பஸ் கண்டக்டரும் மரம் மரம் என்றுதான் கூவினார், நான் ஒருவன்தான் மரத்தைத் தேடினேன். கத்திப் பேசினாலும் யாரும் கோபமாக இல்லை, பேச்சே அப்படித்தான் என்று புரிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. முதல் நாள் ஒருவன் என்னைப் பெருசு என்று கூப்பிட்டபோது மனசு சுருங்கிப் போனது, அவனேதான் அப்புறம் என் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டான், கடத்திவிட்டதற்கு நன்றி சொன்னேன், இதுக்கு இன்னாத்துக்கு தேங்க்ஸு என்று திட்டிவிட்டுப் போனான். அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ஊர் மதுரைப் பக்கம், திருவண்ணாமலைப் பக்கம் என்கிறார்கள், பண்டிகைக்குப் பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. உங்கள் தெரு முனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற ரொனால்டிடம் உங்க சொந்த ஊர் எதுங்க என்று கேட்டேன், "இதான் சார். லீவு விட்டா போறதுக்கு எங்களுக்கு ஊரே இல்ல" என்றான், வருத்தமாகச் சொன்னானா பெருமையாகச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை.

உன் அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது என்று தெரிந்த மறுநாளே அவள் பஸ்ஸில் ஏறிவிட்டாள். எங்கே போகிறது என்று பார்த்து ஏறுவதில்லை, உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்து ஏறினாள். திருவொற்றியூர் போனாள், பெசன்ட் நகர் போனாள், நடுவில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கிற ரோட்டில் கண்ணாடிக் கட்டிடங்களைப் பார்த்துவிட்டு, "இத்தனை ஜன்னல் வெச்சு ஒண்ணக்கூடத் தெறக்க முடியாதாமுங்க" என்று என்னிடம் சொன்னாள். பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் அவர்களுடைய பிள்ளைகள் எத்தனை, மாமியார் எப்படி என்பது வரை தெரிந்துகொண்டுதான் இறங்கினாள். நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு அவளுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தேன். அந்தப் பட்டணத்தை அவள் இலவசமாக முழுவதும் பார்த்தாள், நான் காசு கொடுத்துப் பாதி பார்த்தேன்.

இப்போது அந்த வியாழக்கிழமை. அன்று நீயும் மாப்பிள்ளையும் ஷிஃப்டில் இருந்தீர்கள், அப்பா சும்மா கொஞ்சம் சுத்தீட்டு வந்தாரு என்று அம்மா உனக்குச் சொன்னது, நடந்ததில் கால் பங்குகூட இல்லை. அன்று மத்தியானம் நான் தனியாகப் புறப்பட்டுத் தலைமைத் தபால் ஆபீஸைப் பார்க்கப் போனேன். மற்றவர்கள் கோயிலுக்குப் போகிறார்கள், இந்த உத்தியோகத்தில் முப்பது வருஷம் இருந்தவன் அந்தச் சிவப்புக் கட்டிடத்தைப் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது. சுற்றிப் பார்த்தேன், ஒரு கவுண்டரில் நின்று ஸ்டாம்பு வாங்கினேன், நானும் போஸ்ட்மாஸ்டர்தான் என்று சொல்லலாமா என்று யோசித்து, பின்னால் வரிசை நீளமாக இருந்ததால் சொல்லவில்லை. திரும்பும்போது நடந்தே போகலாம் என்று தோன்றியது. இங்கேதான் தப்பு. நம்மூரில் பனி இறங்கினால் நீட்டின கை தெரியாது, அப்போதும் யாரும் யாரிடமும் வழி கேட்பதில்லை, கேட்க ஆளும் இருக்காது, கால் சொல்லிவிடும், கெண்டைக்கால் இழுத்தால் மேல் லைன், முட்டி தள்ளினால் கீழ் லைன், இரண்டும் இல்லாமல் சமமாக இருந்தால் மாரியம்மன் கோயில். அந்தக் காலை நம்பித்தான் நடந்தேன். பட்டணத்தில் என் கால் வாயைத் திறக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சமம், எங்கே பார்த்தாலும் மாரியம்மன் கோயில். வெகுதூரம் போன பிறகு ஒரு மேடு வந்தது. கெண்டைக்கால் இழுத்ததும் எனக்கு உயிர் வந்தது, சரி, வீட்டுக்கு ஏறுகிறோம் என்று கால் நினைத்துக்கொண்டது, நானும் மறுக்கவில்லை. ஏறி உச்சிக்கு வந்து பார்த்தால் கீழே நிறைய தண்டவாளம், அது பேசின் பிரிட்ஜ். இறங்கினேன். இறங்கிய இடம் எனக்குத் தெரியாத இடம், ஆனால் கொஞ்ச தூரத்தில் இன்னொரு மேடு தெரிந்தது. அதையும் ஏறினேன். மழை பிடித்துக்கொண்டது.

இரண்டாவது பாலத்தின் அடியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரர் டீயைக் கொடுத்துவிட்டு, இன்னா பெருசு, எங்க போணும் என்றார். ராயபுரம் என்றேன். ராயபுரத்துக்கு இன்னாத்துக்கு இப்டிக்கா வந்த என்றார். பாலம் இருந்தது ஏறினேன் என்று சொல்ல வெட்கப்பட்டு டீயை ஊதிக் குடித்தேன். போன் இல்லியா என்றார். இருக்குங்க, ஜன்னல்ல இருக்குது என்றேன். எந்த ஜன்னல்ல என்றார். உன் வீட்டுக் கூடத்து ஜன்னலில், வந்த முதல் நாள் அதை அங்கே வைத்தேன், மூன்று வாரமும் அது அங்கேயேதான் இருந்தது. உன் நம்பரும் எனக்கு மனப்பாடம் இல்லை, அது இங்கே சுவரில் எழுதியிருக்கிறது. தெருப் பேர் சொல்லு, ஆட்டோ வச்சு அனுப்பறேன் என்றார் அந்த நல்ல மனுஷர். தெருப் பேரும் எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் பேருடைய விலாசத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறவன் நான், என் மகளின் விலாசத்துக்கு எத்தனை கடிதம் எழுதியிருக்கிறேன், அந்த பெஞ்சில் அது வரவில்லை. பயம் என்று சொல்லமாட்டேன், தெரியாத முகங்கள் நூற்றுக்கணக்கில் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன, அவர்களில் ஒருவருக்கும் நான் யாருடைய ஆள் என்று தெரியாது. நம் எஸ்டேட்டில் நாய்க்குக்கூட நான் யார் என்று தெரியும்.

அங்கே வீட்டில் உன் அம்மா இருட்டிய பிறகும் என்னைக் காணாமல் ஜன்னலில் போனைப் பார்த்திருக்கிறாள். உனக்குச் சொல்லிப் பதற வைக்க வேண்டாம் என்று நேராகத் தெரு முனைக்குப் போய் ரொனால்டிடம், ஏனுங்க ரொனால்டு, இந்தப் பக்கம் பாலம் எங்கெங்க இருக்குது என்று கேட்டிருக்கிறாள். "பாலமா? பாலத்துக்கு இன்னாத்துக்கு யக்கா?" என்று அவன் கேட்க, "அவரு மேட்டக் கண்டா ஏறிருவாருங்க" என்றிருக்கிறாள். போலீஸுக்குப் போகலாம் என்று சொன்னவர்களை விலக்கிவிட்டு, மழையில் பாலம் பாலமாகத் தேடிக்கொண்டு வந்தார்கள். ஆட்டோவிலிருந்து தலையை வெளியே நீட்டி, முக்காடு நனைய, டீக்கடை பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு அவள் வருவதை நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். கிட்டே வந்ததும் ஏறுங்க என்று மட்டும் சொன்னாள். ரொனால்டு, "சார், அடுத்த தபா காணாம போறதா இருந்தா முன்னாடியே சொல்டு சார், நான் பாலத்தாண்ட வந்து நிக்கறேன்" என்றான். அப்புறம் வழியெல்லாம் உன் அம்மா எனக்கு ஊரைக் காட்டிக்கொண்டு வந்தாள், இது மின்ட்டுங்க, இது ஸ்டான்லி ஆஸ்பத்திரிங்க, இந்தக் கடையில பூ நல்லா இருக்குமுங்க, என்று கல்யாணமான புதிதில் நான் அவளை இந்த எஸ்டேட்டுக்குக் கூட்டி வந்தபோது மேல் லைன் கீழ் லைன் காட்டின அதே தோரணையில். கொஞ்ச தூரம் போய், என் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, முப்பது வருஷம் ஊரார் பிள்ளைகளச் சாயங்காலம் வரைக்கும் பாத்தேன், அவங்கவங்க கூட்டீட்டுப் போனதும் கரடி வந்துரும்னு கதவச் சாத்தீட்டேன். சாயங்காலம்னு ஒண்ண நான் வெளிய நின்னு பாத்ததே இல்லீங்க. இங்க பொழுது எறங்குனதுக்கு அப்புறந்தான் பொம்பளைங்க எல்லாம் வெளிய வர்றாங்க. எனக்கு அது வேணுமுங்க." நான், சளி பிடிக்கும், தலையை உள்ளே இழு என்றேன். அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள், மூன்று வாரம் முடிந்து எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

வந்த பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது. பொழுது இறங்கினதும் வழக்கம்போல் கதவைச் சாத்துகிறாள், சாத்திய பிறகு கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், பிறகு அடுப்படிக்குப் போகிறாள். நான் அஞ்சலகத்துக்கும் வீட்டுக்குமாக ஒரு காரணமும் இல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன், புத்தகத்தை எடுத்தால் அதே பக்கம், வானொலியை வைத்தால் செய்தி முடிந்த பிறகுதான் செய்தி வாசித்தார்கள் என்று தெரிகிறது. சங்கப் பாட்டில் மலைக்குச் சேர்ந்திருப்பதையும் கடற்கரைக்குப் பிரிந்து வாடுவதையும் வைத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன், வைத்தவர்கள் இரண்டு ஊரிலும் வீடு தேடாதவர்கள் என்று நினைக்கிறேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த ஊர் எனக்கும் உள்ளே போய்விட்டது. இங்கே எல்லாரும் மரியாதையாக வணக்கமுங்க என்கிறார்கள், ஒரு நாளாவது யாராவது பெருசு, ஓரமா போ என்று கத்த மாட்டார்களா என்று இருக்கிறது. ஆனால் அங்கே வந்து குடியிருக்க என்னால் முடியுமா என்று கேட்டால், அந்த பெஞ்சு ஞாபகம் வருகிறது. அங்கே நான் நம் போன் மாதிரி ஜன்னலோரம் கிடக்க வேண்டும், யாராவது எடுத்தால்தான் உண்டு. நான் இல்லாவிட்டால் இந்த அஞ்சலகம் நின்றுவிடும் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நான் போனால் இன்னொருவர் வருவார், என்னைவிட முத்திரையைப் பளிச்சென்று குத்துவார். ஆனாலும் பனியில் கண்ணை மூடிக்கொண்டு போய் அந்த அறைப் பூட்டைத் திறக்கிற ஆள் நான் என்பது ஒன்று இருக்கிறது, அதை எழுதிக் கொடுக்கப் பேனாவை எடுத்தால் எடுத்த கை திரும்ப வைத்துவிடுகிறது.

ஆகையால் உன் கேள்விக்குப் பதில். தயங்கியது அம்மா இல்லை. அம்மா வருகிறாள். நேற்று நானே அவளிடம் சொன்னேன், ரேகாகிட்டப் போயிரு, வீட்டை ஒப்படைக்கறதை நான் பார்த்துக்கறேன் என்று. நீங்க என்றாள். பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம்னா என்னங்க அர்த்தம் என்றாள். அஞ்சலகத்துக்குப் பின்னால் சாமான் போட்டிருக்கிற அறையில் தங்கிக்கொள்ள மேனேஜர் சரி என்றிருக்கிறார், அதையும் யோசிக்கிறேன், அடுத்த ரயிலில் வருவதையும் யோசிக்கிறேன் என்றேன். அவள் ஏற்கெனவே கழுவின பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவினாள். பிறகு, "உப்பு எந்த டப்பால இருக்குதுன்னு தெரியுங்களா உங்களுக்கு" என்று கேட்டாள். நான் தைரியமாக ஒன்றைத் திறந்தேன், அது கோலமாவு. இன்று காலையிலிருந்து டப்பாக்களில் எல்லாம் பேப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறாள், உப்பு, புளி, துவரை என்று எழுதித் தரச் சொல்லி என்னையே எழுத வைத்தாள். என்னைப் பற்றி இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, இரண்டு பக்கத்துக்கும் நானே வாதாடுவதால் வழக்கு இழுக்கிறது.

அம்மிணி, சில விஷயம் மட்டும் கவனித்துக்கொள். அம்மா வந்ததும் அடுப்படியை அவள் கையில் கொடுத்துவிட்டு நீ நிம்மதியாக இருந்துவிடாதே, அவள் சமைப்பதற்காக வரவில்லை. நாளைக்கு உனக்குக் குழந்தை பிறந்தாலும் அவளைக் காப்பகத்து ஆயாவாக்கிவிடாதே, அந்த உத்தியோகத்தை அவள் முடித்துவிட்டாள். பொழுது இறங்கிய பிறகு பூ வாங்கப் போகிறேன் என்றால் எதுக்கும்மா இந்நேரத்துல என்று கேட்காதே. எந்த பஸ்ஸில் ஏறினாலும் ஏறட்டும், அவள் காணாமல் போக மாட்டாள், எனக்குத் தெரியும். மாப்பிள்ளை மழையில் வண்டியை வேகமாக ஓட்டுகிறார், நான் சொன்னதாகச் சொல்லாமல் நீயே சொல்வது போல் சொல்லு. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். ரொனால்டைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்லு, இப்போது நான் எந்தப் பாலத்துக்கு அடியிலும் இல்லை என்றும் சொல்லிவிடு. என் போனுக்கு உன் விலாசத்தைப் பெரிய எழுத்தில் அனுப்பி வை, ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையிலும் வைத்துக்கொள்கிறேன்.

தெருவில் தண்ணீர் நிற்காமலும், குழாயில் தண்ணீர் நிற்காமலும், நீயும் மாப்பிள்ளையும் மனசு ஒத்து, கை நிறைய வேலையும் கண் நிறையத் தூக்கமுமாக நெடுநாள் இருக்க மாரியம்மன் துணை செய்யட்டும். அம்மா வருகிற அன்று சென்ட்ரலுக்கு நீயே போ, ரயில் நின்றதும் அவள் யாருடனாவது பேசிக்கொண்டே அவர்களோடு இறங்கிப் போய்விடுவாள், பெட்டி வாசலிலேயே நில்.

இப்படிக்கு,
உன் அப்பா,
நாச்சிமுத்து.

மறந்துவிடுவேன் என்று இங்கேயே எழுதுகிறேன்: வரும் வெள்ளிக்கிழமை மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ், சனிக்கிழமை காலை சென்ட்ரல். எஸ் ஐந்து, கீழ்ப் படுக்கை. டிக்கெட் ஒன்று.